ஏறாத பச்சை கவுன்

இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசியில், என் தம்பி கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்தது இது. வெளியே சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. இப்போதும் எழுத உட்கார்ந்தால் காதெல்லாம் சுடுகிறது.

எனக்குத் தையல் யாரும் சொல்லித் தரவில்லை. மெஷினை வாங்கிவைத்துக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். பிளவுஸ் பக்கம் போக எனக்குப் பயம். அளவு, டார்ட், கொக்கி என்று ஆயிரம் பேஜாரு. பனியன் துணியில் அந்தத் தொல்லை கிடையாது. நன்றாகப் பொருந்துகிற டி-ஷர்ட் ஒன்றைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கொஞ்சம் தள்ளி வெட்டி, இரண்டு பக்கமும் ஜிக்ஜாக் அடித்தால் டாப்ஸ் ரெடி. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். தலைவழியாக மாட்டினால் துணியே இழுத்துக்கொடுத்து உடம்பில் உட்கார்ந்துகொள்ளும். மூன்று டாப்ஸ் தைத்தேன், மூன்றும் நன்றாக வந்துவிட்டன. அவ்வளவுதான், அம்மணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தைத்ததையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். “கடையில வாங்கினதா?” என்று யாராவது கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம்.

அந்த மிதப்பில்தான், ரிசப்ஷனுக்கு வீட்டுப் பெண் பிள்ளைகள் நான்கு பேருக்கும் ஒரே கலரில் நானே கவுன் தைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மகள், என் தங்கை மகள், பெரியப்பா வீட்டுப் பேத்திகள் இரண்டு பேர். வண்ணாரப்பேட்டைக்குப் போய் ராமர் பச்சையில் பனியன் துணி வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் வெளிர் கலர் வாங்கவே கூடாது. எண்ணூர் ரோட்டில் போகும் டிரெய்லர் லாரிகளின் புழுதியும் கரியும் ஜன்னல் வழியாக வந்து, தைத்து முடிப்பதற்குள் துணியைச் சாம்பல் கலராக்கிவிடும்.

மூன்று கவுன் வெட்டியாயிற்று. நான்காவதுக்கு வந்தபோது மீதித் துணியின் அகலம் பத்தவில்லை. நீளம் மட்டும் தாராளமாக இருந்தது. சரி, திருப்பிப் போட்டால் ஆச்சு என்று துணியைக் குறுக்கே திருப்பி வைத்து, கோடு போட்டு வெட்டிவிட்டேன். கோடோ பூவோ போட்ட துணியாக இருந்தால் திரும்பியிருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இது பிளெய்ன் துணி. ஒரு முழம் துணி மிச்சம் பிடித்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அந்த நான்காவது கவுன் என் தங்கை மகளுடையது.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தங்கை எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். லீவு நாட்களில் காலையில் மகளை என் வீட்டில் விட்டுப் போவாள், சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவாள். பெண் அதிகம் பேசமாட்டாள். பெரிம்மா பெரிம்மா என்று என் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, விழுகிற துணித்துண்டுகளில் பொம்மைக்குச் சட்டை தைப்பாள். சாப்பாடு மட்டும் ரசித்துச் சாப்பிடுவாள். வஞ்சிர மீன் குழம்பு வைத்தால் இரண்டாம் முறை அவளே தட்டை நீட்டுவாள். சமைக்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரவழைத்து கவுன்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பத்திரிகை வைத்துவிட்டு வந்த பெண்கள் கூட்டம் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஆகா ஓகோ என்று எல்லாரும் மெச்ச, எனக்குக் கால் தரையில் இல்லை. தங்கை மகள் மட்டும் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், கவுன் தோளோடு நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே மாட்டிக்கொள்ள, முகம் துணிக்குள் மூடியபடி நின்றாள். நான் பிடித்துக் கீழே இழுத்தேன். மார்பைத் தாண்டவில்லை. தையல் படபடவென்று விட்டது.

அந்த நிமிஷம் நான் என் கோட்டைச் சந்தேகப்பட்டிருக்கலாம், என் கத்திரியைச் சந்தேகப்பட்டிருக்கலாம். என் மகள் அவளைவிடப் பூசினாற்போல இருப்பாள், அவளுக்கே கவுன் வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. அதையாவது யோசித்திருக்கலாம். ஒன்றும் யோசிக்கவில்லை. இத்தனை பேர் மெச்சிக்கொண்டிருக்கும்போது என் தையலில் குறை வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. அவளை அப்படியே ஹாலுக்குத் திருப்பி, எல்லார் முன்னாலும் சொன்னேன்:

“இன்னாடி இது, ஒரே மாசத்துல இப்டி ஊதிகினு கீற? எம்மாஞ் சோறு துன்ற நீ?”

ஹாலே சிரித்தது. எங்கள் சித்தி ஒருத்தி இருக்கிறாள், வாய் சும்மா இருக்காது. “இவள கட்டிக்கினு போறவன் அரிசி மண்டி வெச்சிருக்கணும்டி” என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. என் தங்கைகூடச் சிரித்தாள், பாவம், சபைக்காக. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பெண் துணிக்குள்ளிருந்து தலையை உருவிக்கொண்டு, கையால் வயிற்றை மறைத்தபடி சுவரோரமாக உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து தட்டில் சோறு மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். முதலில் பாதி. அப்புறம் வெறும் ரசம். அப்புறம், “காலைலயே துன்னுட்டேன் பெரிம்மா, பசிக்கல.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லதுதான், கொஞ்சம் கொறச்சா கவுன் ஏறும்” என்றேன். அன்றைக்கு மீன் குழம்பு. என் கையால் சமைத்ததை என் கண் முன்னாலேயே அவள் ஒதுக்கினாள், நானும் மூடி எடுத்து வைத்தேன். அதை நினைத்தால் இன்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரக் கடைசியில், விட்டுப்போன தையலை மறுபடி அடித்து, விளிம்புக்கு ஓவர்லாக் அடிக்க நான்கு கவுன்களையும் தேரடிப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரப் பெண் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள். நான்காவது கவுனை எடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மற்றதை இழுத்தாள். திரும்ப இதை இழுத்தாள்.

“யக்கா, இந்த மூணும் அகலத்துல இழுக்குது. இது மட்டும் நீட்டுல இழுக்குது. துணிய திருப்பிப் போட்டு வெட்டிகீறீங்க. இது எந்தப் புள்ளைக்கும் ஏறாது.”

“ஏதோ அவசரத்துல” என்று முணுமுணுத்துவிட்டு, மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் வரும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. பனியன் துணி அகலவாக்கில்தான் இழுத்துக்கொடுக்கும் என்பதை எல்லா வீடியோவிலும் முதலில் சொல்வார்கள். அந்த இடத்தைத்தான் நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஊதவில்லை, ஒன்றுமில்லை. தப்பு மொத்தமும் என்னுடையது.

வீட்டுக்குப் போன கையோடு அவளைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தால், இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. நான் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டைக்கு மறுபடி ஓடி, அதே பச்சையில் துணி வாங்கி வந்தேன். அதே கோடு, அதே அளவு, ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. துணியை மட்டும் சரியாக வைத்து வெட்டினேன். பழையதை மடித்து அலமாரி அடியில் ஒளித்துவிட்டு, புதியதை அவளிடம் கொடுத்து, “இன்னொரு வாட்டி போட்டுப் பாரு” என்றேன், ஏதோ அதே கவுன் மாதிரி.

சரசரவென்று இறங்கி உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்றாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

“நான் எளச்சிட்டனா பெரிம்மா?”

“ஆமாண்டி” என்றேன். கூசாமல் சொன்னேன்.

நல்லபடி முடிந்தது, இனிமேல் சாப்பிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கே சாப்பிட்டாள்? பட்டினி கிடந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பிள்ளைக்கு நானே பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேனே! ரிசப்ஷனுக்கு இன்னும் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் என் வீட்டில் அவள் தண்ணீரும் மோரும்தான். கட்டாயப்படுத்தினால் பாத்ரூமுக்குப் போய்விடுவாள். “அக்கா, உங்க வூட்லனா அவ ஒழுங்கா சாப்புடுவாளே, ராத்திரி எதுவும் வேணான்றா” என்று தங்கை கேட்டபோது, “வெயிலுக்கு அப்டித்தான்” என்று சொல்லி அனுப்பினேன்.

ரிசப்ஷன் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில். நான்கு பேரும் பச்சையில் வரிசையாக மேடை ஏறினார்கள். போட்டோக்காரர் நில்லுங்க, கிட்ட வாங்க, முகத்தை நிமிர்த்துங்க என்று நேரம் கடத்திக்கொண்டிருந்தார். லைட்டு சூடு வேறு. தங்கை மகள் லேசாக ஆடினாள். அடுத்த விநாடி மேடையிலேயே சரிந்துவிட்டாள்.

மணப்பெண் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். அன்றைக்கு என் ஹாலில் சிரித்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். வெயில் என்றாள் ஒருத்தி, கண் பட்டுவிட்டது என்றாள் இன்னொருத்தி. நான் ஒரு டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்து வாயருகே வைத்தேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கவுனை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்:

“வேணாம் பெரிம்மா, டிரஸ்ஸு மறுபடியும் ஏறாது.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுகையும் பேச்சுமாகச் சொல்லிவிட்டேன். கவுனில்தான் தப்பு, துணியைத் திருப்பி வெட்டியது நான், இது வேறு கவுன், எல்லாம் தெரிந்தே மறைத்தேன் என்று. சித்திக்குப் புரியவில்லை. “துணி இன்னாடி பண்ணும், புள்ள சோறு துன்னாம வுயுந்துகீது, நீ இன்னாவோ ஒளறிகினு கீற” என்றாள்.

“அவ சோறு துன்னாததே என்னாலதான் சித்தி. அன்னிக்கி எல்லார் எதிர்லயும் ஊதிட்டன்னு சொன்னனே, அது பொய்.”

என் தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மகளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அவளே புகட்டினாள். இரண்டு வாய் குடித்த பிறகு அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றம்.

“அப்போ நான் எளைக்கவே இல்லியா?”

“நீ நல்லாத்தாம்மா கீற, எப்பவும் நல்லாத்தான் இருந்த” என்றேன். அவள் நம்பவில்லை. கண்ணாடி முன்னால் அன்றைக்கு நான் சொன்ன பொய்யை நம்பியவள், இன்றைக்கு நான் சொன்ன நிஜத்தை நம்பவில்லை.

லீவின் மீதி நாட்களுக்குத் தங்கை தன் மகளை என் எதிர்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். என் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். தலையாட்டிவிட்டுப் போவாள், நிற்கமாட்டாள். அது எனக்கு வேண்டியதுதான். டாக்டரிடம் காட்டி, மாத்திரை டானிக் என்று இரண்டு மூன்று மாதம் அலைந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது, பிள்ளையும் தேறினாள். தங்கை ஒரு நாள், “வுடுக்கா, ஆனது ஆச்சு” என்று சொன்னாள். சொன்னவள் நல்லவள், அதனால் சொன்னாள்.

இன்றைக்கும் தைக்கிறேன். அளவு எடுக்கும்போது யார் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏறவில்லையென்றால், “நான்தான் தப்பா வெட்டிட்டேன்” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பிரிக்கிறேன். அதனால் பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

தங்கை மகளுக்கு இப்போது பதினைந்து. என் வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள். நான் மூன்றாவது தோசையை எடுத்துப் போடப் போகும்போது மட்டும், தட்டைப் பார்க்காமல் ஒரு விநாடி என் முகத்தைப் பார்க்கிறாள். பசிக்கிற பிள்ளையைச் சாப்பிடுவதற்கு என் முகத்தில் உத்தரவு தேட வைத்தவள் நான் என்பதை, அந்த ஒவ்வொரு விநாடியும் தலைகுனிந்துதான் ஏற்றுக்கொள்கிறேன்.