அறுபத்து நாலு மைலுக்குள் பள்ளியே இல்லை

வாஷிங்டனிலிருந்து புதிய விதியின் வரைவு வந்த அன்று வெர்னா ட்வெய்ட் அதை முதலில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். உட்கார்ந்து படித்தபோதும் அது அப்படியேதான் இருந்தது.

மாநிலக் கல்வித் துறையில் சார்ட்டர் பள்ளிப் பிரிவு என்பது இரண்டு பேர். கிரெய்க் ஹால்வர்சன் என்ற தலைவர் ஒருவர், வெர்னா ஒருத்தி. வயது ஐம்பத்தெட்டு, இந்த நாற்காலியில் பத்தொன்பது வருடம். மாவட்ட வாரியத்துக்குக் கட்டுப்படாமல் அரசுப் பணத்தில் நடக்கிற இந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றின் பிறப்பும் இறப்பும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாம் மாடியில் எல்லோரும் அவளைக் கோபக்காரி என்றார்கள். அவள் மறுத்ததில்லை.

வரைவில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. புதிய சார்ட்டர் பள்ளிக்கு மத்திய அரசின் உதவி கேட்பவர்கள், அந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இடமில்லாமல் நெருக்கியடிக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்ததற்குக் கடிதம் காட்ட வேண்டும். இலாபத்துக்கு நடக்கும் நிறுவனத்திடம் பள்ளியை மொத்தமாக ஒப்படைக்கக் கூடாது. மாநிலங்கள் தங்கள் கருத்தைச் சொல்ல முப்பத்தொரு நாள் அவகாசம்.

மறுநாளே ஆன்டலர் ஃபிளாட் என்ற சிற்றூரிலிருந்து ஷெல்பி கௌட் கூப்பிட்டாள். மாடு வளர்ப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அந்த ஊர்ப் பள்ளியை மாவட்டம் மூடி மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் அறுபத்து நாலு மைல் தள்ளியிருக்கிற பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வருகிறார்கள். பெற்றோர்கள் சேர்ந்து தாங்களே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்க விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நெருக்கியடிக்குதுன்னு எப்படிங்க காட்டுறது?" என்றாள் ஷெல்பி. "இங்க பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடத்துல புறாதான் நெருக்கியடிக்குது. படம் எடுத்து அனுப்பட்டுமா?"

"அனுப்பாதீங்க. புறாவுக்கும் ஒரு படிவம் கேட்பாங்க."

"பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கடிதம்னு போட்டிருக்கே. எங்க பள்ளிக்கூடத்தை மூடினவங்ககிட்டயே போய் வாங்கணுமா?"

"எழுதுறேன், ஷெல்பி. இதையெல்லாம் எழுதத்தான் போறேன்."

எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்றாவது நிபந்தனை வெர்னாவுக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், தலைநகரின் தென்கோடியில் ஒரு நிறுவனம் நடத்திய பள்ளி, அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் புத்தகப் பையோடு வாசலில் நின்றார்கள். பெற்றோர்களிடம் விஷயத்தைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. வெர்னாதான் போய் நின்றாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்த ஒரு தகப்பன், கத்தவில்லை, திட்டவில்லை. "அப்போ உங்க வேலைதான் என்னம்மா?" என்று மட்டும் கேட்டான்.

ஆகவே அவள் நாலு பக்கம் எழுதினாள். மூன்றாவது நிபந்தனை அப்படியே இருக்கட்டும், முடிந்தால் இன்னும் இறுக்குங்கள். முதல் இரண்டும் நகரத்தை மனதில் வைத்து எழுதியவை. பள்ளியே இல்லாத ஊருக்கு அவை பொருந்தாது. ஆன்டலர் ஃபிளாட்டின் பெயரையும் பஸ் தூரத்தையும் குறிப்பிட்டாள்.

கிரெய்க் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன், கெட்டவன் அல்ல.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எந்தப் பக்கம், வெர்னா?"

"பிள்ளைங்க பக்கம்னு போட்டுக்க."

"அப்படி ஒரு பக்கம் யாரும் கேக்கலையே. ஆளுநர் ஆபீஸ்ல 'எங்க பள்ளிக்கூடத்துல வாஷிங்டனுக்கு என்ன வேலை'ன்னு இடி முழக்கமா ஒண்ணு வேணுங்கறாங்க. மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளர் சங்கம் மூணையும் ஆதரிச்சு எழுதச் சொல்லுது. நீங்க ரெண்டு பேரையும் கடுப்பேத்தியிருக்கீங்க."

"அப்படின்னா சரியாத்தான் எழுதியிருக்கேன்."

இருபத்தொன்பதாம் நாள் துறையின் பெயரில் கடிதம் போனது. இரண்டே பத்தி. 'இந்த விதியை மாநிலம் முழுமையாக எதிர்க்கிறது' என்றிருந்தது. ஆன்டலர் ஃபிளாட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வெர்னா 'முழுமையாக' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு கிரெய்க்கின் மேசையில் வைத்தாள்.

"என் கையிலயா இருக்கு?" என்றான் அவன்.

"உன் கையெழுத்துதானே இருக்கு."

துறையின் வழக்கறிஞரிடம், தன் கருத்தைத் தானே தனியாக அனுப்பலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சொந்த நேரம், சொந்தப் பெயர், துறையின் பெயர் வரக்கூடாது என்றார் அவர். கடைசி நாளன்று அரை நாள் விடுப்புப் போட்டுப் பொது நூலகத்துக்குப் போனாள். கருத்துச் சொல்லும் இணையதளம் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. 'நீங்கள் யார்?' என்ற கேள்விக்குத் 'தனிநபர்' என்று தேர்ந்தெடுத்தாள். ஒட்டிய நாலு பக்கத்தையும் தளம் துப்பியது. ஐயாயிரம் எழுத்துக்கு மேல் போகக்கூடாதாம். பத்தொன்பது வருட அனுபவத்தை வெட்டினாள். அந்த அக்டோபர் வாசலை வெட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அனுப்பும்போது தளம் இருமுறை தொங்கிப்போனது. பக்கத்து மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், "கீபோர்டை அடிச்சா வேகமா போகாதுங்க" என்றார். மூன்றாம் முறை போயிற்று.

கோடையில் இறுதி விதி வெளியானது. வந்த கருத்துகள் பல்லாயிரம். அவற்றுக்கான பதில்களே நூறு பக்கத்தைத் தாண்டின. வெர்னா மதிய உணவு வேளையில் ரொட்டியைக் கையில் பிடித்தபடி வரிவரியாகத் தேடினாள். ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டி இருந்தது: 'அறுபத்து நாலு மைலுக்குள் அரசுப் பள்ளியே இல்லாத ஓர் ஊரை ஒரு கருத்தாளர் சுட்டிக்காட்டினார். இதை ஏற்கிறோம்.' நெருக்கடியை நிரூபிக்க வேண்டியதில்லை, வேறு வகையில் தேவையைக் காட்டினால் போதும். கூட்டுக் கடிதம் கட்டாயமில்லை. நிறுவனங்களைப் பற்றிய நிபந்தனை அப்படியே நின்றது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

மூன்று மணிக்கு, இது தங்கள் எதிர்ப்புக்குக் கிடைத்த வெற்றி என்று ஆளுநர் அலுவலகம் அறிக்கை விட்டது. கிரெய்க் ஒரு பெட்டி டோநட்டோடு வந்தான்.

"நம்ம கடிதம் வேலை செஞ்சிருச்சு, பாத்தீங்களா!"

"நம்ம கடிதத்துல அந்த ஊரே இல்லையே, கிரெய்க்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அந்த ஒரு கருத்தாளர்..."

"பெட்டியை அங்க வெச்சிட்டுப் போ. எனக்கு வேலை இருக்கு."

வேலை உண்மையாகவே இருந்தது. ஷெல்பியைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் சந்தோஷக் கூச்சல் அடங்கியதும், "அப்போ இனிமே ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம்ல?" என்றாள் ஷெல்பி.

"வேணும். தேவை இருக்குன்னு நிரூபிக்கணும். புதுப் படிவம். பதினாலு பக்கம்."

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. "எரிச்சலா வருதுங்க."

"எனக்கு மட்டும் என்ன, பாட்டா வருது? பேனா எடுங்க."

அடுத்த வருடம் ஆகஸ்டில் முப்பத்தொரு பிள்ளைகளோடு ஆன்டலர் ஃபிளாட்டில் பள்ளி திறந்தது. வெர்னா நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை நீட்டினாள் ஷெல்பி. வெர்னா, முதலில் பள்ளிக் குழுவின் ஒப்பந்தங்களைக் காட்டச் சொன்னாள்.

"இன்னைக்குக் கூடவா?"

"இன்னைக்குத்தான்."

கோப்பு வந்தது. வெர்னா வெயிலில் நின்றபடி கடைசிப் பக்கம்வரை படித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தவரின் காலாவதியான உரிமத்தைக் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் புதியது வந்தாக வேண்டும், அதுவரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுவரட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஷெல்பி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் வெர்னா கத்தரிக்கோலைக் கையில் வாங்கினாள்.