இரண்டு மணியோசை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். ஆபீஸ் போன் என் மேஜையில்தான் இருக்கும். அதற்காக அது என் போன் ஆகிவிடாது. சொந்தக்காரர்கள் யாராவது கூப்பிட்டால், எதிர் மேஜையிலிருந்து மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நானும் என் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்.

சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். அப்பா அம்மா இல்லாததால் தலைப்பிரசவம் என் பொறுப்பு. ஏழாம் மாதமே அழைத்து வந்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதுவரை தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து போன் போடுவாள். இரண்டு முறை மணி அடித்து நின்றால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்றாவதும் அடித்தால் நான் எடுக்க வேண்டும். மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவிய இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கார்த்திகை மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு நாள், மூன்று மணிக்கே போன் அடித்தது. இரண்டு மணியோடு நின்றது. மழைக்குப் பயந்து சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு. பிறகு ஒன்றே ஒன்று. விளையாடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்காலத்தில் மலைக்கு வரும் போன் லைன் பாதியில் அறுந்துபோகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ரிசீவர்மேல் கைகூட வைத்துவிட்டேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். தூசி தட்டுவதுபோல் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர், தங்கை கணவர் சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. ஆண் குழந்தையாம். வலி எடுத்ததும் அவள் மாமியார், முதல் பிரசவம், அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிக் கூட்டிப்போவது என்று இருட்டும்வரை காத்திருந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் பக்கத்து முறை அப்படித்தான்.

தங்கை அழவில்லை.

"மூணு வாட்டி அடிச்சனுங்ண்ணா. ஆபீசுல இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. தோட்டத்துக்குள்ள போயிருந்தேன்."

"அதானுங்க. இருந்திருந்தா எடுத்திருப்பீங்கன்னு அத்தைகிட்டயும் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன். அவள் நம்பிவிட்டாள்.

பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் எஸ்டேட்டை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் மழை பிடித்தால் என் காதுக்குள் அந்தப் போன் அடிக்கிறது. ஒன்று, இரண்டு. மூன்றாவதற்காக, செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது வருவதேயில்லை.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன். தங்கை பேசுவதில்லை, தினமும் நாலு மணிக்கு 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் போடுகிறாள். பழைய வழக்கத்தை அவள் விடவில்லை. நானும் 'சரி கண்ணு' என்று அடித்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறேன். அவள் குரலைக் கேட்டால் உண்மை வாயில் வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

போன கார்த்திகையில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். முதலில் மெசேஜாக அடித்துப் பார்த்தேன். 'அன்னிக்கு நான் ஆபீசுலதான் இருந்தேன்.' ஒரே வரி. இதை எழுதி அனுப்புவது கோழைத்தனம் என்று அழித்தேன். அவள் நம்பரைப் போட்டேன். மணி ஒருமுறை அடித்தது. இரண்டாவது முறை அடித்தது. வெட்டிவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

'நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேனுங்ண்ணா.'