அண்ணன் பொரிக்க வைத்த மீன் முட்டைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் இன்றோடு ஒரு வருடம். "நீங்கதான் எழுதணும் அத்தை" என்று அண்ணன் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். கண்ணீரோடு எழுதுகிறேன் என்று தொடங்குவதுதான் வழக்கம். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போய்க் கிடக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். மலைமேல் தேயிலைத் தோட்டம் திறந்தபோது அப்பா எங்களை மேலே கூட்டி வந்தார். அண்ணனுக்கு இருபது வயது ஆவதற்குள் அப்பா, அம்மா இருவரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நான்கு வயது இளையவளான எனக்கு அதன்பிறகு அவர்தான் எல்லாம். துரை பங்களாவில் அவருக்கு வேலை. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டியில் கறுப்புக் கோடு போட்ட தட்டை மீன்கள் இருந்தன. ஏஞ்சல் மீன் என்பார்கள். மலைக்குளிர் அவற்றுக்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் எப்போதும் மண்ணெண்ணெய் விளக்கு எரிய வேண்டும். விளக்கைப் பார்ப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அண்ணனுடைய பொறுப்பு. அவரைப் பொறுமைசாலி என்று எல்லோரும் புகழ்வீர்கள். மீன்களிடம் பொறுமையாகத்தான் இருந்தார். என் தலையில் குட்டாத நாள் குறைவு.

ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்றதும் துரை ஓடிப்போனார். பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்தார். நாங்கள் தேயிலையை விட்டுவிட்டு மரவள்ளி நட்டோம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. அண்ணன் கரி அடுப்பை வைத்துத் தொட்டியைக் காப்பாற்றினார். அப்படியும் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியது. அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ஒரு லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு, நாலு பேர். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. பங்களா ஆட்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

ஒருநாள், ஆள் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஜப்பான் பெரியவருக்கு மீன் குஞ்சு வேணுமாம்யா. குஞ்சு பொரிச்சா நீ பங்களா ஆளு. இல்லன்னா மீனுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு கேக்குறாரு. அடுத்த லோரில ஒம் பேரு இருக்கு."

"முட்டை போடுதுங்கய்யா. போட்டதும் அதுங்களே தின்னுடுது."

"அது ஒன் பாடுலா" என்று கிராணி போய்விட்டார்.

என்னுடைய உடைந்த பள்ளிக்கூடக் கற்பலகையை அண்ணன் எடுத்துப் போய்த் தொட்டிக்குள் சாய்த்து வைத்தார். மூன்றாவது முறை அந்தப் பலகையில்தான் மீன் முட்டை போட்டது. கடுகைவிடச் சிறியவை. பலகையை முட்டையோடு ஒரு பிஸ்கட் போத்தலில் இறக்கி, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். மரவள்ளி வேகும் அடுப்பு அணையாது என்பதால் அதன் பக்கத்தில் வைத்தார். கைக்குழந்தைக்கு வெந்நீர் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். தாய்மீன் துடுப்பால் விசிறும் அல்லவா, அதற்குப் பதிலாகக் கோழி இறகால் மெல்லத் தண்ணீரை அசைக்க வேண்டும். அந்த இறகைக் கொண்டுவந்து கொடுத்தவர் அத்தான். எங்கள் தாய்மாமன் மகன், அதே லயத்தின் கடைசி வீடு. எனக்குப் பேசி முடித்திருந்தவர். அரிசி கிடைக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தோம்.

மறுநாள் முட்டைகளில் வெள்ளைப் பூசணம் பிடித்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. அண்ணன் ஊசியால் கெட்டதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பங்களா வேலைக்குப் போய்விட்டார். நான் இறகும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அட்டை கடித்த புண் சீழ் வைத்தால் தோட்டத்தில் நாங்கள் ஆறிய தேயிலைச் சாயத்தில்தான் கழுவுவோம். அண்ணன் காலைக் கழுவ வைத்திருந்த சாயம் அடுப்படியில் இருந்தது. புண்ணுக்கு ஆகிறது முட்டைக்கு ஆகாதா என்று ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டேன். ஊற்றிய பிறகுதான் பயம் பிடித்தது. மீனுக்கு யாராவது தேத்தண்ணி கொடுப்பார்களா?

"தண்ணி ஏன் செவந்து கெடக்கு?" என்றார் அண்ணன், வந்ததும்.

"அடுப்புப் பொகண்ணே."

நம்பிவிட்டார். பூசணம் அதற்குமேல் பரவவில்லை. அடுத்த நாள் பலகையில் சின்னச் சின்ன வால்கள் துடித்தன. அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதார். அண்ணனுடைய பேரன் இப்போது டிஸ்கஸ் மீன் வளர்க்கிறான். காய்ந்த கெத்தாப்பாங் இலையை, அதாவது நாட்டு வாதுமை இலையை, ஊறவைத்த சாயத் தண்ணீரில்தான் அவன் முட்டைகளைப் பொரிக்க வைக்கிறான். பூசணம் அண்டாதாம். போன மாதம்தான் சொன்னான்.

கிராணி போத்தலைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் அண்ணன் பேரை அடித்தார். நாலு பேர் நாலு பேராகவே இருக்க வேண்டும் அல்லவா? அத்தான் பேரை எழுதினார்.

லோரி வந்த காலையில் அத்தான் எங்கள் அடுப்படிக்கு வந்து போத்தலைக் குனிந்து பார்த்தார். "மச்சான், ஒம் புள்ளைங்க நீந்துதுடா" என்றார். என்னிடம், "பாத்துக்க. வந்துர்றேன்லா" என்றார். அவர் வரவில்லை. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு அண்ணன் ரிங்லெட்டில் காய்கறித் தோட்டம் போட்டார், மணமுடித்தார், மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் நிற்பார். அத்தானுக்காக வருடம் தவறாமல் பூசை வைத்தார். எனக்கு மூன்று முறை மாப்பிள்ளை பார்த்தார், நான் வேண்டாம் என்றேன். மீன் வளர்ப்பதைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். தன் கையால் அத்தானை அனுப்பிவிட்டதாகவே கடைசிவரை நினைத்தார். அந்தத் தேயிலைச் சாயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாரம் பாதி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. "அவனை விடுங்க, நானே போறேன்" என்று அண்ணன் கிராணியிடம் சொல்லவில்லையே என்ற கோபம் எனக்கு. சொல்லியிருந்தால் அதையும் நான் பொறுத்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில், போவதற்கு முந்தின நாள் கேட்டார். "அந்த முட்டைய நான் பொரிக்க வைக்காம விட்டிருந்தா, ஒனக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும்ல?"

"தூங்குங்கண்ணே" என்றேன்.

அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர், தாதியர், நினைத்த நேரத்தில் வேன் கொடுத்த பக்கத்துக் கடை பாய், பூசை வைத்த சாமியார், மழையிலும் கோலா தெர்லாவிலிருந்து வந்து நின்றவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணே, அந்த முட்டைகளைப் பொரிக்க வைத்தது நீங்கள் இல்லை. நான்தான்.