பட்டைத்தூள் வைத்த கை

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். கூலிக்கு நுழைஞ்ச தோல் ஷாப்பு மாதிரியே ஒண்ணை இதே திண்டுக்கல்லுல சொந்தமா நிறுத்தினேன். தோலைப் பத்தி எனக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இன்னும் பொறக்கலை. கத்தி கையைக் கீறினா, தோல் பதனிடுற ஆவாரம் பட்டைத்தூளை அப்பி, துணியைச் சுத்திட்டு வேலையைப் பார்க்கணும். அது நான் போட்ட சட்டம். "செத்த ஆட்டுத் தோலையே கெடாம வைக்கிற தூளு, உன் தோலை வைக்காதா?" என்பேன். எல்லாரும் சிரிப்பாங்க.

என் சம்சாரத்தோட தம்பி சிக்கந்தர்தான் எனக்குத் தரம் பிரிக்கிறவன். கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே முதல் தரம், மூணாம் தரம் சொல்லிடுவான். என் பேச்சை நம்பாத வியாபாரியும் அவன் விரலை நம்புவான்.

ஒரு திங்கட்கிழமை, தோல்ல ஒட்டின சதையை வழிக்கிற கத்தி அவன் உள்ளங்கையில இறங்கிடுச்சு.

"மச்சான், ஒரு ஊசி போட்டுட்டு வந்துர்றேன். செத்த நேரம்தான்."

"ஏலே, இதுக்கெல்லாம் டாக்டரா? என் கையில இம்புட்டுத் தழும்பு கிடக்கு, எண்ணிப் பாரு."

தூளை நானே அப்பினேன்.

வியாழக்கிழமை குளிர்ல உதறி, உளற ஆரம்பிச்சான். ஆஸ்பத்திரியில செப்சிஸ்னாங்க. கிருமி ரத்தத்துல பரவி, பிரஷர் இறங்கி, கிட்னியும் படுத்து, வென்டிலேட்டர்ல போட்டாங்க. மூணாவது வாரம் காய்ச்சல் விட்டது, கிட்னி தேறியது. "என் மச்சினன் இரும்புடா"ன்னு வராண்டாவுல நின்னு பீத்திக்கிட்டேன்.

கண்ணைத் திறந்தான். யாரையும் தெரியலை.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "பெரியவரே, மூளையில வெள்ளைப் பகுதின்னு இருக்கு. ஒரு இடத்துச் சேதியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோற வயர் மாதிரி. செப்சிஸ் முத்தினா அபூர்வமா அது கெட்டுப்போகும். இவருக்கு ரெண்டு பக்கமும் கெட்டிருக்கு."

"மெட்ராஸுக்குக் கொண்டுபோறேம்மா."

"எங்க போனாலும் இதே படம்தாங்க வரும்."

"அன்னைக்கே ஊசி போட்டிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா காயத்துல தூளை வச்சு மூடியிருக்கக் கூடாது."

இப்ப என் ஷாப்புல தூள் டப்பா இருந்த இடத்துல குழாயும் சோப்பும் இருக்கு. காயம் பட்டா கழுவுங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இதைச் சொல்ல நாலாங்கிளாஸே ஜாஸ்தி. அதைக் கத்துக்க நான் அவனை விலையா கொடுத்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஒரு நல்ல தோலை அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவன் கையில வைப்பேன். விரல் ஞாபகம் வச்சிருக்காதான்னு ஒரு ஆசை. போன வாரம் அவன் பொண்டாட்டி மும்தாஜ் சொல்லிடுச்சு:

"இனிமே கொண்டாராதீங்கண்ணே. நீங்க வச்சிட்டுப் போயிர்றீங்க. அவரு தடவிப் பார்க்கிறதில்லை, நான் வந்து பிடுங்குற வரைக்கும் அப்புடியே பிடிச்சுக்கிட்டே இருக்காரு."