முனை வரை தள்ளிய வண்டி

காலை எட்டே முக்காலுக்கு எக்ஸ்ரேக்காரன் தன் மோட்டார் சைக்கிளை வாசலிலிருந்து இறக்குவான். சாவியைப் போடுவான், ஆனால் ஸ்டார்ட் செய்ய மாட்டான். கைப்பிடியைப் பிடித்து, தெரு முனை வரைக்கும் இருநூற்றுப் பதினான்கு எட்டு வைத்துத் தள்ளிக்கொண்டே போவான். முனையில் ஒரு டயர் கடை. அதையும் தாண்டி நின்று, கழுத்தைத் திருப்பி வீட்டு மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்காருவான். வண்டியில் பெட்ரோல் இருந்தது. பேட்டரி இருந்தது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவன் அதற்குச் செய்துவைத்த வேலையில்தான்.

பிறந்ததிலிருந்தே அவன் சத்தமில்லாத ஆள். அறைக்குள் வந்து நின்றால், இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். "உங்களுக்கு ஒரு மணி கட்டிவிடணும்" என்பாள் மனைவி, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு. ஆஸ்பத்திரியில் அவன் அறை கீழ்த்தளத்தில், நடைபாதையின் கடைசியில். நாள் முழுக்க அவன் பேசுவது இரண்டே வாக்கியம். "மூச்சை இழுத்து அடக்குங்க." பிறகு, "விடுங்க." அதையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் சொல்வான்.

வண்டி வாங்கிய புதிதில் அதுவும் அவனைப் போலவே இருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்ன மாப்ளே, வண்டி வாங்கினேன்னு சொன்னே, தையல் மிஷினை ஓட்டிட்டு வர்றே? ரெண்டு ஜாக்கெட் தைச்சுக் குடுத்துட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். கேலிக்கெல்லாம் அசைகிற ஆளில்லை. ஆனால் ஒரு மழை நாளில், திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி அவனைச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டுப் போய் நின்றது. கைப்பிடி உரசி, முழங்கை தோலுரிந்து, அவன் எழுந்து நின்றபோது லாரிக்காரர் இறங்கி வந்து நல்லபடியாகத்தான் சொன்னார்: "நீ வர்றதே தெரியலப்பா." அந்த வார்த்தைதான் முள்ளாகத் தைத்தது. முப்பத்தெட்டு வருஷமாக எல்லாரும் அவனிடம் சொல்ல நினைத்ததை அந்த ஆள் ஒரே வரியில் சொல்லிவிட்டாற்போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் டிரைவரும் அவனும் உட்கார்ந்து சைலன்சரைக் கழற்றினார்கள். கம்பெனி பொருத்திக் கொடுத்த சைலன்சருக்குள், சத்தத்தை விழுங்குவதற்கென்றே புல்லாங்குழல் போல ஓட்டை போட்ட ஒரு குழாய் இருக்கும். பின்மூடியின் பற்றவைப்பை அறுத்து அதை உருவிவிட்டால், இன்ஜின் தன் சொந்தக் குரலில் பேசும் என்றான் டிரைவர். குழாய் சுலபத்தில் வரவில்லை. இழுத்த இழுப்பில் இரண்டாக ஒடிந்து வந்தது.

"திரும்பப் போட முடியாதேடா?"

"போடறதுக்கா எடுத்தோம்? ஏறு, மாப்ளே."

முதல் உதை. அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. கனமாக, அவசரமில்லாமல், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பெரிய மாமாவைப் போல. பாலத்தின் மேல் போகும்போது முன்னால் போன கார் தானாக ஒதுங்கியது. எக்ஸ்ரேக்காரன் தலைக்கவசத்துக்குள் தனியாகச் சிரித்தான். டயர் கடை வரை சிரித்தான். அங்கேதான் அவனுக்கு வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவே அவருடைய நெஞ்சுக்கு அடங்கி நடந்தது. பழைய பேப்பர்காரர் அங்கே குரல் கொடுக்க மாட்டார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவார்கள். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வலது கை மெல்ல எழுந்து இடது மார்பில் படிந்தால் போதும், பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவன் வாடகைக்கு இருக்கும் கீழ் வீட்டில் முன்பு குடியிருந்தவர் கதவை அடித்துச் சாத்தியவர். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

ஐந்து வருஷத்தில் மூன்று வீடு மாறியிருந்தார்கள். இந்த வீடு கிடைத்தபோது அவன் மனைவி சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே மூட்டை கட்ட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் நான்கு நிமிட நடை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அலமாரிக்கு அவளே மஞ்சள் பெயிண்ட் அடித்து, எந்த டப்பா எங்கே என்று முடிவு செய்து முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளிடம் அவன் சைலன்சரைப் பற்றி மூச்சு விடவில்லை. தள்ளுவதைப் பற்றிக் கேட்டபோது, "உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்" என்றான். எந்த டாக்டர் என்று அவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்கு டாக்டருக்கா பஞ்சம்?

இப்படியே இருபத்திரண்டு நாள் ஓடியது. இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் ஏற்றும்போது மேலிருந்து குரல் வந்தது.

"எக்ஸ்ரே தம்பி, ஒரு நிமிஷம்."

அவன் அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்காரரோடு பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அம்மாவும் நின்றிருந்தார்கள்.

"இவரைத்தான் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர் அவர்களிடம். "என் நெஞ்சுக்கு ஆகாதுன்னு, இந்தப் பிள்ளை தினமும் முனை வரைக்கும் வண்டியைத் தள்ளிட்டே போறான். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தானாவே! நீங்களும் இருக்கீங்களே, கேட்டைத் திறந்தா ஊருக்கே கேக்குது."

எதிர்வீட்டு அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"நாளைக்கு எனக்குச் செக்கப், தம்பி. உங்க ஆஸ்பத்திரியிலதான். ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. உன்கூடவே வந்துடறேன்."

"ஆட்டோ கூப்பிடட்டுமா சார்? சௌகரியமா..."

"ஆட்டோவா? அந்தச் சத்தத்துல நான் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துடுவேன். உன் வண்டிதான் பூ மாதிரி இருக்கும். என்ன, முனை வரைக்கும் நடக்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு ஒருநாள் வாசல்லயே ஸ்டார்ட் பண்ணிக்கோ. நானே அனுமதி குடுத்துட்டேன்."

பின்கட்டுக்குப் போய்த் துணி காயும் கொடிக்கு அடியில் நின்று, எக்ஸ்ரேக்காரன் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போன் போட்டான்.

"நார் அடைடா" என்றான் டிரைவர். "பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். நாலஞ்சை உருட்டிச் சைலன்சருக்குள்ள திணி, வெளியே வராம ஒரு கம்பியைக் குறுக்கே கட்டு. தாங்கும்."

"எவ்வளவு தூரம் தாங்கும்?"

"அது நாருக்குத்தான் தெரியும். மெதுவாப் போ. பாலத்துல முறுக்கிடாதே."

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவப் போன மனைவி, தொட்டியடியில் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தாள்.

"முந்தாநாள்தானே அஞ்சு நார் வாங்கி வெச்சேன்? ஒண்ணையும் காணோம்."

அவள் பார்வை அவன் விரல்களுக்குப் போனது. நகக்கண் எல்லாம் கரி. பிடிபட்டால் சொல்லிவிடுகிற பழக்கம் அவனுக்கு; பிடிபடாதவரைதான் பொய்யெல்லாம். இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும், டயர் கடை வரைக்கும், சொல்லி முடித்தான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மஞ்சள் அலமாரியை ஒருமுறை பார்த்தாள்.

"இந்த வீடு போச்சுன்னா, வேற வீடெல்லாம் தேட மாட்டேன். உங்க வண்டி மேலயே அடுப்பு வெச்சுக் குடித்தனம் நடத்துவேன். பார்த்துக்கோங்க."

சொல்லிவிட்டு, தன் தலைக்கவசத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அவருக்குப் போடுங்க. காதை நல்லா மூடற மாதிரி."

வாசலில் ஸ்டார்ட் செய்தபோது வண்டி, சளி பிடித்த எருமை போல முனகியது. வீட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மனைவியின் தலைக்கவசம் அவருக்குச் சிறியது. கன்னம் இரண்டும் முன்னால் பிதுங்கின. தெரு முனை தாண்டிற்று. சிக்னல் தாண்டிற்று. அடைத்த வாயோடு இன்ஜின் திணறியது. சைலன்சரிலிருந்து ஏதோ கருகும் வாடை வந்தது. அவன் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் எண்ணிக்கொண்டு போனான்.

பாலம் வந்தது. ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமந்த வண்டி நின்றுவிடப் பார்த்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல், கால் இஞ்ச் முறுக்கினான்.

முதலில் கம்பி அறுந்த சத்தம். பிறகு வண்டி துப்பியது. பழுத்துச் சிவந்த நார் உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறி பறக்கச் சாலையில் விழுந்தன. "யோவ், பின்னாடி ஆள் வர்றது தெரியலையா?" என்று ஒரு சைக்கிள்காரர் கத்தினார். அவர் கத்தியது பாதிதான் கேட்டது, ஏனென்றால் அதற்குள் அந்தப் பெரிய குரல் திறந்துகொண்டுவிட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

எக்ஸ்ரேக்காரன் மூச்சை அடக்கினான். இப்போது அவர் கை நெஞ்சுக்குப் போகும். போனால் வண்டியை எங்கே நிறுத்துவது, எப்படித் தூக்குவது, யாரைக் கூப்பிடுவது? மனைவியிடம் எப்படிப் போய் நிற்பது? பாலத்து இறக்கம் வரைக்கும் இதே யோசனை. இறக்கத்தில்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. வீட்டுக்காரரின் இரண்டு கையும் அவன் தோளில்தான் இருந்தன. இறுக்கமாக, ஆனால் தோளில்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். முகம் சிவந்திருந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அன்று காலை அவன் பதினாறு படம் எடுத்தான். பதினோராவது ஆள் ஒரு தடித்த மனிதர். "மூச்சை இழுத்து அடக்குங்க" என்று சொல்லிவிட்டு, மாடியில் இதயப் பிரிவில் ஏதாவது ஓட்டம் கேட்கிறதா என்று காதைக் கூரைக்குக் கொடுத்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்த மனிதர் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, "விடலாமா, வேண்டாமாய்யா?" என்று அலறிய பிறகுதான் நினைவு வந்தது.

ஒரு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் வீட்டுக்காரர் காத்திருந்தார். கையில் ரிப்போர்ட் உறை.

"எத்தனை நாளா?"

"இருபத்திமூணு நாள், சார்."

"அப்ப, தள்ளிட்டுப் போனதெல்லாம் இதுக்குத்தானா?"

"ஆமா சார்."

"நான் தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு எண்ணெய் போட்டுட்டாங்க, தெரியுமா? உன்னைக் காட்டித்தான்!"

அவன் சைலன்சரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "டாக்டர் என்ன சொன்னார் சார்?"

வீட்டுக்காரர் உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஏதோ பறிபோனவர் முகம்.

"பிரஷர் போன தடவையைவிடக் குறைவாம். ஈசிஜி நல்லா இருக்காம். புதுசா வாக்கிங் போறீங்களான்னு கேக்கறான். இனிமே வருஷத்துக்கு ஒருதரம் வந்தா போதுமாம். எல்லாரையும்போல இருங்கன்னுட்டான்." சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது தெருவுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் யார்கிட்ட சார் பேசப் போறேன்?"

"அது சரி. உன் வாயைப் பத்தி எனக்குப் பயமில்லை. உன் வண்டி வாயைப் பத்தித்தான்." விரலை நீட்டினார். "மாசக் கடைசிக்குள்ள கம்பெனி சைலன்சரே மாட்டியாகணும். மாட்டலைன்னா வீட்டைக் காலி பண்ணு, ரெண்டாம் பேச்சு கிடையாது. அதுவரைக்கும் தள்ளு. போகும்போதும் தள்ளு, வரும்போதும் தள்ளு."

"சரிங்க சார். கட்டாயம் சார்."

அவர் தலைக்கவசத்தை வாங்கிக் கன்னத்தைத் திணித்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"திரும்பும்போதும் பாலம் வழியாத்தானே?"

டயர் கடையருகே அவன் வண்டியை அணைத்தான். முனை வரைக்கும் நடக்கத் தெம்பில்லாதவர், இருநூற்றுப் பதினான்கு எட்டையும் அவனோடு நடந்தே வந்தார். தெருவுக்குள் திரும்பியதும் அவர் வலது கை தானாக எழுந்து இடது மார்பில் படிந்தது. எதிர்வீட்டு அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்திருந்த மனைவி, நிலைப்படியில் நின்றாள். வீட்டுக்காரர் மாடியேறும் வரை காத்திருந்தாள்.

"இருக்கலாமா?" என்றாள்.

"மாசக் கடைசி வரைக்கும் கெடு. சைலன்சர் மாத்திட்டா இருக்கலாம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு உள்ளே திரும்பிக்கொண்டே சொன்னாள்: "அப்ப முதல்ல அஞ்சு நார் வாங்கிட்டு வாங்க. தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு."

அவன் சாவியை எடுத்தான். மாடியைப் பார்த்தான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் கடைக்கு நடந்தான்.