சகலையின் ஐஸ்பெட்டியைப் பார்க்கப் போன பயணம்

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் நான் சுங்கை ஆயர் தாவாருக்குப் போகவில்லை. வயிற்றெரிச்சலில் போனேன். பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் எனக்கு மளிகைக் கடை. மலாயாவில் அவசரகாலம் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் எல்லாமே வேலிதான். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் போய்விடக்கூடாது என்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒன்று சேர்த்து முள்கம்பி கட்டுகிறார்கள். வேலிக்குள் ஒரே ஒரு கடைதான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு நானும் போட்டி, எதிர்க்கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயும் போட்டி. கிடைக்காதவர் கடையை மூடிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

"தொரை புதுசா என்ன செய்வேன்னு கேப்பாரு லா. அரிசி, பருப்பு கதையெல்லாம் அங்க சொல்லிக்கிட்டு நிக்காத" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி எச்சரித்தார். திங்கட்கிழமை காலை ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் பார்த்தா என் மனைவி ரெஜினாவுக்குச் சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து சேதி வரவேண்டும்? தங்கையின் கணவன் அந்தோணி, அதாவது என் சகலை, தன் கடைக்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி வாங்கிவிட்டானாம். எடை போடக் கற்றுக்கொண்டதே என் கடையில்தான், அந்தப் பையன்.

"கரண்டே வேணாமாம்ங்க. அடியில விளக்கு எரியுமாம், மேல ஐஸ் கட்டுமாம்" என்றாள்.

"நெருப்புல ஐஸா? உன் தங்கச்சி புருஷன் நல்லா அடிச்சு விடுறான்."

"நீங்க வந்து பாருங்களேன். பொறாமையா?"

பொறாமைதான். ஆனால் திங்கட்கிழமைக்கு என் கையில் எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை, ஊரடங்கு விலகியதும் ஆறரை மணிக்குக் கிளம்பினோம்.

ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூருக்கு பஸ்ஸில் ஆளுக்கு அறுபது காசு. அங்கே ஆற்றைக் கடக்க ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும். முன்னால் இரண்டு ராணுவ லோரி நின்றால் அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போய்விடும். எங்களுக்கு முன்னால் நான்கு நின்றன. துறையில் விற்ற தேநீர் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது.

அக்கரையில் சோதனைச் சாவடி. ரெஜினா தங்கைக்காக முறுக்கு சுட்டு, சேலைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தாள். எனக்கே சொல்லவில்லை. காவலுக்கு நின்ற மலாய்ப் பெண் மூட்டையைப் பிரித்தாள்.

"மாக்கானான் தாக் போலே, கக்கா." சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகக் கூடாதாம்.

"இது பலகாரம்மா! இத தின்னுட்டா காட்டுல சண்டை போடுவான்?" என்று ரெஜினா தமிழிலேயே வாதாடினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். முறுக்கு அங்கேயே நின்றுவிட்டது. சபாக் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பறித்தது நானா?

சபாக் பெர்ணம் பஸ்ஸுக்கு ஒரு வெள்ளி எண்பது காசு. நாற்பது மைலுக்குக் குறையாது. தஞ்சோங் காராங் தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சை வயல். ரப்பர் மரத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெளிச்சம் கூசுகிறது. நீங்கள் போனால் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. எனக்கு எதையும் ரசிக்கிற மனநிலை இல்லை. அந்த ஐஸ்பெட்டி நின்றுபோய்க் கிடக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். மாதாவிடம் போய் இதையெல்லாம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டேன்.

சபாக்கில் டாக்சி பிடித்தோம், தலைக்கு ஒரு வெள்ளி. ஓட்டியவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். "அந்தோணி கடையில ஒரு ஐஸ் சிரப் குடிச்சாத்தான் எனக்கு வண்டி ஓடும்ணே" என்று அவராகவே ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தென்னந்தோப்பு ஓரத்தில் கடை. மத்தியானம் இரண்டு மணி, எங்கள் பக்கம் ஈ ஓட்டுகிற நேரம். இங்கே வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, என் தோள் உயரத்துக்கு நின்றது அது. அடியில் நீலமாகச் சின்னச் சுடர். கதவைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. மாதா கேட்கவில்லை.

"வாங்கண்ணே! வாங்கக்கா!" என்று அந்தோணி ஓடி வந்தான். நன்றாகச் சதை போட்டிருந்தான்.

"சிரப் வியாபாரம் எத்தனை நாளைக்குப்பா? மழை பேஞ்சா எவன் குடிப்பான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். சிரப் போத்தல் ஒரே ஒரு தட்டில்தான். மீதித் தட்டெல்லாம் டின்கள். சார்டின் டின், பால் டின். ஒவ்வொன்றிலும் ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத்துண்டில் பெயர்.

கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டின் விற்றால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சட்டம். காட்டுக்குப் போனாலும் கெட்டுவிட வேண்டும் என்பதற்காக. ஆனால் வீட்டிலும் கெட்டுவிடுகிறதே! ஒரே வேளையில் முழு டின்னையும் தின்ன முடியாமல் சனங்கள் டின் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். என் கடையில் சார்டின் டின்மேல் தூசி படிந்து கிடக்கிறது.

"இங்க வாங்குறாங்க, பாதிய எடுத்துக்கிட்டு மீதிய இங்கயே வச்சிட்டுப் போறாங்க. நாளைக்கு வந்து எடுப்பாங்க. வர்றப்ப சும்மாவா வருவாங்க? சவுக்காரம், வெத்தல ஏதாச்சும் வாங்குவாங்க" என்றான். "போலீசுக்கும் சந்தோசம்ணே. டின்னு கடைய விட்டு வெளிய போகவே இல்லயே."

ஐஸ்பெட்டி வாங்கியதற்காகக்கூட மன்னித்துவிடுவேன். தவணைக்குக் கேட்டால் பெட்டியை யாருக்கும் தருவான் கம்பெனிக்காரன். இந்த யோசனை எனக்கு வராமல் இவனுக்கு எப்படி வந்தது? டின்னில் ஓட்டை போட்டது நானும்தானே, தினமும், இந்தக் கையால்?

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் அடுத்த குண்டைப் போட்டான். "எங்க தொரையும் உங்க தொரையும் சிநேகிதங்கண்ணே. உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவா?"

"வேணாம்பா. நானே பேசிக்கிறேன்."

"சொல்லச் சொல்லு தம்பி" என்றாள் ரெஜினா, சோற்றைப் பிசைந்துகொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதே வழியில் திரும்பினோம். திங்கட்கிழமை துரை முன்னால் நின்று, ஐஸ்பெட்டி, டின், பெயர்த்துண்டு, போலீஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொந்த யோசனை மாதிரியேதான் சொன்னேன். துரை கேட்டு முடித்து, கிராணியிடம் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

"கடை உனக்குத்தான்" என்றார் கிராணி. "தொரைக்கு நேத்தே அந்தப் பக்கத்துத் தொரைகிட்ட இருந்து போன் வந்திருச்சு லா. ஆயர் தாவார்ல கெட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் சொந்தக்காரன் இங்க இருந்தா விட்டுராதன்னு."

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, வேலை வாங்கும் மண்டோர் அதை அப்படியே எல்லாருக்கும் கூவிச் சொல்லிவிட்டார். தவுக்கே நல்ல மனுசர், கை கொடுத்தார். கடை கிடைத்ததற்கு ரெஜினா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், ஆனால் இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அடையாளக் கார்டை மறக்காதீர்கள். மனைவி கட்டிய மூட்டையை நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்க்காதீர்கள், ஃபெரியும் ஊரடங்கும் விடாது. ஐஸ்பெட்டி வாங்குகிறவர்கள் தரை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் குளிராது. திரியைத் தினமும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கடையெல்லாம் புகை. என்னுடையது ஒழுங்காக ஓடுகிறது, வந்தால் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. ஆயர் தாவார்காரர் சகலை கடை எது என்று கேளுங்கள், தோட்டமே கையைக் காட்டும்.