மழையை அளந்தவர்

ஷாலிங் வட்டாரத்தில் மழை விட்டால் ஊரே துணியைக் காயப்போடும். தோங் ஷௌதியன் மட்டும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்புவார். குழி தோண்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அரசாங்க வேலை. அவர் சொன்னதை வட்டார அதிகாரி எழுதுவார். மஞ்சு இனத்து ஆளுநர் அதைப் பெட்டியில் பூட்டிப் பீஜிங்குக்கு அனுப்புவார். சக்கரவர்த்தி படித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதித் திருப்பியனுப்புவார். ஒரு சோளக்கொல்லையின் ஈரம் அவருக்கு எதற்கு? விளைச்சலைத் தெரிந்துகொள்ள என்பார்கள். எவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள என்பது ஷௌதியனின் கணிப்பு.

அந்த வசந்தத்தில் ஈரம் இரண்டு விரற்கடைதான். கொல்லைக்காரன் மான்சாங் பக்கத்தில் நின்று அளவுகோலைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் அவன்தான் பிடிப்பான். வேலை முடிந்ததும் இருவரும் வரப்பில் உட்கார்ந்து வேகவைத்த ரொட்டியும் பூண்டும் தின்பார்கள். பத்து வருஷப் பழக்கம்.

அதிகாரியோ நாலு என்றே எழுதப்போவதாகச் சொன்னார். பஞ்ச காலத்துக்கென்று வைத்த களஞ்சியத்தில் எலி தின்னக்கூட ஒன்றுமில்லை. ஈரம் குறைவென்று சேதி போனால், தானியம் இருக்கிறதா என்று மேலிடத்து ஆள் வந்து கதவைத் திறந்து பார்ப்பான். ஷௌதியன் தலையாட்டினார். தலையாட்டித்தானே இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

ஒன்றரை மாதத்தில் பெட்டி திரும்பியது. ஆளுநர் சிவப்பு வரியை நகலெடுத்து அனுப்பியிருந்தார்: ‘வேறு வழியில் எனக்கு வந்த சேதி இதுவல்ல. மறுபடி தோண்டிப் பார்த்து எழுது.’

யாரோ தனியாகச் சக்கரவர்த்திக்கு எழுதுகிறான் என்று ஷௌதியனுக்குப் பட்டது. யார்? ஊசி விற்க வருகிறவனைப் பார்த்தார்; கோயில் பூசாரியைப் பார்த்தார். சொந்தப் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரியிடம் குசுகுசுத்தால்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார். சுற்றிச்சுற்றிக் கடைசியில் மனசு மான்சாங்கிடம் வந்து நின்றது. போன மாதம் நகரத்துக்கு எதற்குப் போனான்? காலில் புதுத் துணிச்செருப்பு ஏது? அன்றைக்கு, “ரெண்டுதானாண்ணே?” என்று இரண்டு தடவை ஏன் கேட்டான்? இத்தனை நாள் கண்ணில் படாதது எல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தது.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஷௌதியன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் முட்டினார்.

“ரெண்டுங்கிறது யாருக்குத் தெரியும்? ஒன்னு நீ. இல்லேன்னா இன்னொருத்தன் பேரைச் சொல்லு.”

“மான்சாங் பக்கத்துல நின்னானுங்க ஐயா.”

அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவே போதுமாக இருந்தது. மான்சாங்குக்கு மூங்கில் தடியால் நாற்பது அடி. கழுத்தில் கனத்த தண்டனைப் பலகை மாட்டி அலுவலக வாசலில் பத்து நாள் உட்கார வைத்தார்கள். ஷௌதியன் பத்து நாளும் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனார்.

பயந்துபோன அதிகாரி இந்தத் தடவை இரண்டு என்றே எழுதி, அதை ஷௌதியனிடமே கொடுத்து ஆளுநர் இருக்கும் நகரத்துக்கு அனுப்பினார். அங்கே நூடுல்ஸ் கடையில் வேறு வட்டாரங்களின் மழை அளக்கிறவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் கிண்ணத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் வேவு பார்த்தபடி சாப்பிட்டார்கள். கடைசியில் அவர்களில் வயதானவர்தான் வாயைத் திறந்தார்.

“எங்க ஊர்ல நாவிதனைப் புடிச்சு அடிச்சோம். உங்க ஊர்ல யாரு?”

மற்றவர் தன் மருமகன் என்றார். மூன்று பேரும் சிவப்பு வரியைச் சொல்லிப் பார்த்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. சுற்றியுள்ள பதினேழு வட்டாரத்துக்கும் அதேதான் போயிருக்கிறது என்று, வந்துபோகிறவர்கள் பேசக் கேட்டிருந்த பரிமாறுகிறவன்கூடச் சொன்னான். யாரும் தனியாக எழுதவில்லை. சக்கரவர்த்தி சும்மா ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்திருக்கிறார். ஷௌதியன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சக்கரவர்த்தி மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. சக்கரவர்த்தி யார் பெயரையும் சொல்லவில்லையே.

ஊருக்கு வந்ததும் மான்சாங்கிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். “அப்படி ஒருத்தனே இல்லடா. நான்தான் உன் பேரைச் சொல்லிட்டேன்.” மான்சாங் குப்புறப் படுத்தபடியே கேட்டுக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஷௌதியன் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆறாம் மாதம் நல்ல மழை. ஷௌதியன் கொல்லைக்குப் போனபோது மான்சாங் காலை இழுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றான். கையில் அவனே கோடு போட்டுச் செதுக்கிய குச்சி.

“எவ்வளவுண்ணே?”

“அஞ்சு.”

மான்சாங் குனிந்து தன் குச்சியைக் குழியில் விட்டுப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நிதானமாக ஐந்து முடிச்சுப் போட்டான்.

“இது யாருக்குடா?” என்றார் ஷௌதியன்.

“மேலேருந்து வந்து கேக்கறவங்களுக்கு. இல்லாத ஒருத்தனுக்காக அடி வாங்கியாச்சு. இனிமே அந்த ஒருத்தனா நானே இருந்துட்டுப் போறேன்.”

ஷௌதியன் குழியை மூடினார். மூட்டையில் இரண்டு பேருக்கான ரொட்டி இருந்தது. அவர் அதை அவிழ்க்கவில்லை.